சீட்டில் எழுதியிருப்பதையெல்லாம் சர்வர் நம்பலாமா?

கேள்வி: அக்கா, வணக்கம். நானும் என் நண்பனும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டிக்குச் செயலி எழுதிக் கொடுத்திருக்கிறோம். விவசாயி தன் போனிலேயே அன்றைய எடை, விலை, கமிஷன் போக வர வேண்டிய பாக்கி எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். ஓடிபி போட்டு உள்ளே வந்ததும் எங்கள் நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தளம்) சர்வர் ஒரு ஜேடபிள்யூடி டோக்கன், அதாவது ஆள் யார் என்று சொல்லும் ஒரு மின் சீட்டு, கொடுக்கும், அதற்கப்புறம் எல்லா ரிக்வெஸ்டும் அந்த டோக்கனோடுதான் வரும். போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன், டோக்கனில் 'விவசாயி' என்று இருந்ததை 'மண்டி' என்று மாற்றி, எல்லாருடைய கணக்கையும் திறந்து காட்டிவிட்டான். டோக்கன் பூட்டித்தானே இருக்கிறது, எப்படி மாற்றினான்? இப்போது டோக்கனைப் படிக்க மட்டும் செய்யும் டீகோட் இருந்த இடத்தில், கையெழுத்தையும் சோதிக்கும் வெரிஃபை போட்டுவிட்டோம், இது போதுமா? அடுத்த மாதம் பணம் அனுப்பும் பகுதியைத் தனி சர்வராகப் பிரிக்கப் போகிறோம், டோக்கனில் கையெழுத்து போடப் பயன்படும் இதே சீக்ரெட்டை (ரகசியச் சாவியை) அதற்கும் கொடுத்துவிடலாமா? இன்னொன்று, வேலையை விட்டு நிறுத்திய கணக்குப்பிள்ளை இன்னமும் உள்ளே வந்து பார்க்கிறார் என்று மண்டிக்காரர் சத்தம் போடுகிறார். மாதிரிக்கு ஒரு டோக்கனைக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

பதில்: தம்பி, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த டோக்கன். நீங்கள் ஒட்டியிருப்பது மாதிரி இல்லை, ஒரு நிஜ விவசாயியின் நிஜ டோக்கன். உங்கள் சாவி எதுவும் இல்லாமலே அதைப் படித்துவிட்டேன். இரண்டு புள்ளி வைத்துப் பிரித்த மூன்று துண்டு இருந்தது, நடுத்துண்டை மட்டும் எடுத்து பேஸ்64-ஐ (தகவலைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை, பூட்டு இல்லை) திருப்பிப் போட்டேன், அவர் பெயர், ஊர், கைபேசி எண், 'விவசாயி' என்ற ரோல், காலாவதி நேரம் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. அரை நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் அதுதான். இந்த டோக்கன் பூட்டிய பெட்டி கிடையாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படித்து மாற்றி மறுபடியும் எழுதலாம். எல்லா டோக்கனும் ஈ, ஒய், ஜே என்ற மூன்று எழுத்தில் ஆரம்பிப்பதைப் பார்த்திருப்பீர்கள், பார்க்கிறவர்கள் அதை ஏதோ ரகசியக் குறியீடு என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் டோக்கனுக்குள் தகவலை எழுதும் ஜேசன் வடிவத்தின் முதல் அடைப்புக்குறியையும் மேற்கோள் குறியையும் பேஸ்64-இல் எழுதினால் அந்த எழுத்துகள்தான் வரும், வேறு ஒன்றும் இல்லை. அதனால் கைபேசி எண்ணையும் ஊரையும் டோக்கனுக்குள் வைக்காதீர்கள். ஒரு பயனர் எண் இருந்தால் போதும், மற்றதை டேட்டாபேஸிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அந்த டோக்கனில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. காலாவதி நேரம் 13 இலக்கத்தில் இருந்தது. அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிக் கணக்கு, இன்றைய தேதிக்கு 10 இலக்கம்தான் வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் டேட் நவ் மில்லிவிநாடியில் கொடுக்கும், நீங்கள் ஆயிரத்தால் வகுக்காமல் அப்படியே கூட்டிப் போட்டிருக்கிறீர்கள். விளைவு, அந்த டோக்கன் காலாவதியாக ஐம்பதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். வெரிஃபை போட்ட பிறகும் அந்தக் கணக்குப்பிள்ளை எப்படி உள்ளே வருகிறார் என்பதற்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது. இன்றைக்கே சீக்ரெட்டை மாற்றுங்கள், மாற்றினால் இதுவரை கொடுத்த எல்லா டோக்கனும் ஒரே அடியில் செல்லாததாகிவிடும். எல்லாரும் மறுபடி ஓடிபி போட வேண்டி வரும் என்பதால் விடிகாலையில் மூட்டை மூட்டையாகப் பூ இறங்கி ஏலம் சூடாக இருக்கும்போது செய்யாதீர்கள், மதியம் மார்க்கெட் ஓய்ந்த பிறகு செய்யுங்கள்.

சரி, கையெழுத்து என்பது என்ன செய்கிறது? உங்கள் மண்டியிலேயே பாருங்கள். எடை போட்டு முடித்ததும் கணக்குப்பிள்ளை ஒரு சீட்டு எழுதி முத்திரை வைத்துக் கொடுக்கிறார். சீட்டை விவசாயியும் படிக்கலாம், டீக்கடைக்காரரும் படிக்கலாம், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 15 கிலோ என்பதை யாராவது 75 ஆக்கினால் பிடித்துவிட வேண்டும், அதற்குத்தான் முத்திரை. டோக்கனில் அந்த முத்திரைக்கு மை முத்திரையைவிடப் பலம் அதிகம், ஏனென்றால் முதல் இரண்டு துண்டிலும் இருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதுதான் மூன்றாவது துண்டு, ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கணக்கு ஒத்துவராது. உங்கள் பழைய கோடில் இருந்த டீகோட் சீட்டைப் படித்தது, முத்திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நண்பர் சாவி எதையும் உடைக்கவில்லை, சீட்டில் ஒரு வார்த்தையை அடித்துத் திருத்தி நீட்டினார், உங்கள் சர்வர் வாங்கிக்கொண்டது. அவர் வெளியே சொல்லாமல் உங்களிடம் வந்து காட்டினாரே, அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

இப்போது வெரிஃபை போட்டிருக்கிறீர்கள், நல்லது, ஆனால் போதாது. நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், முத்திரை அசலாக இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம் ஆட்களில் பலர் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். முத்திரை அசல்தான், ஆனால் சீட்டு போன மாதத்தது என்றால்? பக்கத்து மண்டியின் சீட்டு என்றால்? டோக்கன் என்பது வெளியிலிருந்து வந்த ஒரு காகிதம், தன்னைப் பற்றி அது என்ன சொன்னாலும் அது சோதிக்கப்பட வேண்டிய பேச்சுத்தான். எந்த அல்கரிதம், எந்தச் சாவி, யார் கொடுத்தது, யாருக்காகக் கொடுத்தது, எத்தனை நேரத்துக்கு, இந்த ஐந்தையும் டோக்கன் வருவதற்கு முன்பே உங்கள் சர்வர் தன் பக்கம் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். டோக்கனிடம் கேட்டு டோக்கனைச் சோதிக்கக் கூடாது.

அல்கரிதத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதில்தான் பெரிய பெரிய லைப்ரரிகளே (ஆயத்தமாகக் கிடைக்கும் கோட் தொகுப்புகள்) சறுக்கின. டோக்கனின் முதல் துண்டில், அதாவது ஹெடரில், எந்த முறையில் கையெழுத்து போட்டிருக்கிறது என்று எழுதியிருக்கும். ஜேடபிள்யூடியின் தரநிலை ஆர்எஃப்சி 7519, 2015 மே மாதம் வந்தது, அதில் 'நன்' என்றும் ஒரு மதிப்புக்கு இடம் உண்டு, கையெழுத்தே இல்லை என்று பொருள். அதே 2015-இல் டிம் மெக்லீன் என்பவர் சுட்டிக்காட்டினார், பல லைப்ரரிகள் ஹெடரில் 'நன்' என்று இருந்தால் சோதிக்காமலே சரி என்று விட்டுவிடுகின்றன என்று. சீட்டின் அடியில் 'இந்தச் சீட்டுக்கு முத்திரை தேவையில்லை' என்று கொண்டுவந்தவனே எழுதி நீட்ட, கல்லாவில் இருப்பவர் அதைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்த மாதிரி. அவர் காட்டிய இரண்டாவது ஓட்டை உங்கள் மூன்றாவது கேள்வியோடு சேர்ந்தது, அங்கே வருகிறேன். இப்போதைக்கு, நோடில் நீங்கள் பயன்படுத்தும் ஜேசன்வெப்டோக்கன் லைப்ரரியில் வெரிஃபையைக் கூப்பிடும்போது மூன்றாவதாக ஒரு ஆப்ஷன்ஸ் கொடுக்கலாம், அதில் அல்கரிதம்ஸ் என்ற பட்டியலில் நீங்கள் பயன்படுத்தும் ஒன்றை மட்டும் எழுதுங்கள். ஹெடரில் வேறு எது வந்தாலும் கதவு திறக்காது.

அதே ஆப்ஷன்ஸில்தான் இஷ்யூயரையும் (யார் கொடுத்தது) ஆடியன்ஸையும் (யாருக்காகக் கொடுத்தது) கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் லைப்ரரி அவற்றைப் பார்க்காது, பிழையும் காட்டாது, எல்லாம் சரியாக இருப்பது போலவே ஓடிக்கொண்டிருக்கும். காலாவதி விஷயத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது: காலாவதி நேரம் டோக்கனில் இருந்தால்தான் அது சோதிக்கும், அந்த வரியே இல்லாத டோக்கன் வந்தால் பேசாமல் விட்டுவிடும். அதனால் வெரிஃபை முடிந்ததும் அந்த வரி இருக்கிறதா, அது ஒரு எண்தானா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். டோக்கன் உருவாக்கும் இடத்தில் கையால் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு எக்ஸ்பயர்ஸ்இன் என்று 10 நிமிடம் கொடுங்கள், விநாடியா மில்லிவிநாடியா என்ற குழப்பம் அதோடு போய்விடும். இரண்டு சர்வரின் கடிகாரமும் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், அதற்கு ஒரு நிமிடம் சலுகை போதும், சிலர் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள், அப்படி வைத்தால் 10 நிமிட டோக்கனுக்கு அர்த்தமே இல்லை.

இஷ்யூயர் எல்லாம் சின்ன செயலிக்கு எதற்கு என்று தோன்றும். 2023 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஷயத்தைப் படித்துப் பாருங்கள். சீனாவிலிருந்து இயங்கும் ஒரு குழு, அவர்கள் ஸ்டார்ம்-0558 என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தனிநபர் கணக்குகளுக்கான கையெழுத்துச் சாவி ஒன்றைக் கைப்பற்றியது, அதை வைத்துத் தானே டோக்கன் செய்து, சுமார் 25 நிறுவனங்களின் மின்னஞ்சலுக்குள் போய்விட்டது. தனிநபர் கணக்குச் சாவியில் கையெழுத்திட்ட டோக்கன் நிறுவன மின்னஞ்சலில் செல்லவே கூடாது. ஆனால் மின்னஞ்சல் பகுதியை எழுதியவர்கள் லைப்ரரியே முழுச் சோதனையையும் செய்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டு, யார் கொடுத்த டோக்கன் என்ற சோதனையைத் தங்கள் பக்கம் சேர்க்காமல் விட்டிருந்தார்கள், இதை அந்த வருடம் செப்டம்பரில் மைக்ரோசாஃப்டே எழுதியது. கையெழுத்தில் கோளாறே இல்லை பாருங்கள், அசல் சாவி, அசல் கையெழுத்து. நாளைக்கு நீங்கள் ஓடிபியை விட்டுவிட்டு கூகுள் லாகின் வைத்தாலும் இதே கதைதான், கூகுள் கொடுக்கும் ஐடி டோக்கனில் ஆடியன்ஸ் என்பது உங்கள் செயலியின் கிளையன்ட் ஐடிதானா என்று பார்க்காவிட்டால், வேறு ஏதோ ஒரு செயலி நடத்துகிறவர் தன்னிடம் லாகின் செய்த ஆளின் டோக்கனை எடுத்து உங்களிடம் நீட்டி அந்த ஆளாகவே உள்ளே வந்துவிடலாம்.

இப்போது தனி சர்வர். அதே சீக்ரெட்டைக் கொடுக்காதீர்கள். நீங்கள் இப்போது பயன்படுத்துவது எச்எஸ்256, அதில் கையெழுத்து போடவும் சோதிக்கவும் ஒரே சீக்ரெட்தான், ஆகவே சோதிக்க முடிந்த எவராலும் புதிதாக டோக்கன் செய்யவும் முடியும். பணம் அனுப்பும் சர்வரை வேறு ஒரு ஆள் பார்த்துக்கொள்வார் என்றால் அவர் கையில் மண்டியின் முத்திரைக் கட்டையையே கொடுத்தது போல. ஆர்எஸ்256-க்கோ இஎஸ்256-க்கோ மாறுங்கள். அதில் சாவி ஜோடியாக வரும், பிரைவேட் கீ லாகின் சர்வரை விட்டு வெளியே போகாது, பப்ளிக் கீயை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். முத்திரை எப்படி இருக்கும் என்று சுவரில் ஒட்டி வைத்தாயிற்று, ஒப்பிட்டுப் பார்க்க எல்லாராலும் முடியும், கட்டை மட்டும் ஒருவரிடம். ஆர்எஸ்256 என்றால் 2048 பிட்டுக்குக் குறையாமல் சாவி உருவாக்குங்கள்.

மெக்லீன் சொன்ன இரண்டாவது ஓட்டை இங்கேதான் வருகிறது. பப்ளிக் கீ எல்லாருக்கும் தெரியும். ஒருவன் ஹெடரில் ஆர்எஸ்256 என்பதை எச்எஸ்256 என்று மாற்றி, உங்கள் பப்ளிக் கீயின் எழுத்துகளையே சீக்ரெட்டாக வைத்துக் கையெழுத்து போட்டு அனுப்புகிறான். சர்வர் ஹெடரை நம்பினால், கையிலிருக்கும் பப்ளிக் கீயையே எச்எஸ்256 சீக்ரெட்டாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடும், கணக்கு அப்படியே ஒத்துவரும். முதன்முதலில் இதைப் படித்தபோது என் கோட் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். அல்கரிதம்ஸ் பட்டியலில் ஆர்எஸ்256 மட்டும் இருந்தால் இது நடக்காது. 2020 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 8725 இந்த மாதிரித் தவறுகளையெல்லாம் எடுத்துச் சொல்லி எப்படித் தவிர்ப்பது என்று எழுதியிருக்கிறது, அளவில் சின்னதுதான், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். லைப்ரரியையும் ஜாவா மாதிரி அடித்தளத்தையும் புதுப்பித்தே வைத்திருங்கள், ஜாவா 15 முதல் 18 வரை இஎஸ்256 வகைக் கையெழுத்தில் வெறும் பூஜ்யங்களைக் கொடுத்தாலே சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது, 2022 ஏப்ரலில்தான் திருத்தினார்கள்.

எச்எஸ்256-இலேயே கொஞ்ச நாள் இருக்கப் போகிறீர்கள் என்றால் சீக்ரெட் குறைந்தது 32 பைட், அதுவும் கணினி தற்போக்காக உருவாக்கியது. சில வருடம் முன்பு ஒரு நிறுவனத்தின் சர்வரைச் சோதிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கென்று கொடுத்த ஒரே ஒரு டோக்கனை எடுத்து என் மடிக்கணினியில் ஹேஷ்கேட் என்ற சீக்ரெட்டை யூகித்துப் பார்க்கும் மென்பொருளில் போட்டேன், டீ ஆறுவதற்குள் சீக்ரெட் வந்துவிட்டது, நிறுவனத்தின் பெயரும் பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்றும். அவர்கள் சர்வரை நான் தொடவே இல்லை, யூகிக்கும் வேலை முழுக்க என் மேசையில் நடந்தது, அதனால் அவர்கள் லாகில் (சர்வரின் பதிவேட்டில்) ஒரு வரிகூட விழவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே வேறு யாராவது இதைச் செய்திருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

சாவியை மாற்றும் நாளும் ஒருநாள் வரும், அதை இப்போதே யோசித்துவிடுங்கள். ஹெடரில் கீ ஐடி என்று ஒரு இடம் இருக்கிறது, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு பெயர். புதுச் சாவியின் பப்ளிக் கீயை முதலில் எல்லா சர்வருக்கும் கொடுத்துவிட்டு, அப்புறம் அதில் கையெழுத்து போட ஆரம்பித்து, பழைய டோக்கன்கள் காலாவதியான பிறகு பழையதை எடுத்துவிடலாம், இப்படிச் செய்தால் யாரும் வெளியே தள்ளப்பட மாட்டார்கள். கீ ஐடியும் வெளியிலிருந்து வருவதுதான் என்பதை மறக்காதீர்கள். உங்கள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அதை வைத்து ஃபைல் பாதை கட்டுவதோ டேட்டாபேஸ் வினவல் கட்டுவதோ வேண்டாம். சாவி இன்ன இணைய முகவரியில் இருக்கிறது என்று ஹெடர் சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள், அந்த முகவரி அனுப்பியவனுடையதாகவே இருக்கும்.

கணக்குப்பிள்ளை விஷயத்தின் மறுபாதி. இந்த வகை டோக்கனைச் சோதிக்க சர்வர் யாரிடமும் போய்க் கேட்பதில்லை, வேகத்துக்குக் காரணம் அதுதான், ஆளை நீக்கிய செய்தி அதற்குத் தெரியாமல் போவதற்கும் காரணம் அதுதான். காலாவதி ஆகும் வரை டோக்கன் செல்லும். அதனால் ஒவ்வொரு ரிக்வெஸ்டோடும் வரும் இந்த டோக்கனை, அதாவது அக்சஸ் டோக்கனை, 10 நிமிடத்துக்கு வைத்துவிட்டு, ரெஃப்ரெஷ் டோக்கன் ஒன்றை டேட்டாபேஸில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். செயலி அதைக் காட்டிப் புது டோக்கன் தானாக வாங்கிக்கொள்ளும், ஈரக் கையோடு பூ அளந்துகொண்டிருப்பவரை 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிபி போடச் சொல்ல வேண்டியதில்லை. ஆளை நிறுத்தியதும் மண்டிக்காரர் ஒரு பட்டனை அழுத்தினால் அந்த ஆளின் ரெஃப்ரெஷ் டோக்கன் அழிய வேண்டும், சுமார் 10 நிமிடத்தில் அவர் வெளியே. பணம் அனுப்புவதற்கு மட்டும் அந்த 10 நிமிடமும் அதிகம், அங்கே ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் ஆள் இன்னும் வேலையில் இருக்கிறாரா, இந்த அனுமதி அவருக்கு இருக்கிறதா என்று கேட்டுவிட்டே அனுப்புங்கள். அந்தச் சர்வருக்கு ஆடியன்ஸும் தனியாக இருக்கட்டும், கணக்குப் பார்க்கக் கொடுத்த டோக்கன் பணம் அனுப்பும் இடத்தில் செல்லக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே மனதில் உறுத்தியது. டோக்கன் சரிதான், ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, அவர் 472-ஆம் கணக்கைக் கேட்கிறார். அந்தக் கணக்கு அவருடையதா என்று யார் பார்ப்பது? முகவரியில் 472-ஐ 473 ஆக்கினால் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பாக்கி தெரியுமா? இதை டோக்கன் சோதனை தடுக்காது. வினவலிலேயே கணக்கு எண்ணோடு டோக்கனில் உள்ள பயனர் எண்ணும் பொருந்த வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு விவசாயிக்கு மல்லி எவ்வளவு போகிறது, எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் ஊரில் மானப் பிரச்சினை தம்பி, எண்கள்தானே என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

எல்லாம் முடித்ததும் சரியான டோக்கன் உள்ளே போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், கெட்டுப்போன டோக்கன்களை நீங்களே செய்து அனுப்புங்கள்: ரோலை மாற்றியது, கையெழுத்துத் துண்டை வெட்டியது, அல்கரிதம் 'நன்' என்று இருப்பது, பப்ளிக் கீயால் எச்எஸ்256 கையெழுத்து போட்டது, நேற்றே காலாவதியானது, காலாவதி வரியே இல்லாதது, வேறு ஆடியன்ஸுக்கு எழுதியது. அத்தனைக்கும் 401, அதாவது உள்ளே விட முடியாது என்ற பதில், வர வேண்டும், இந்தச் சோதனைகளைக் கோடோடு சேர்த்தே வையுங்கள், ஒவ்வொரு முறை புதிதாக ஏற்றும்போதும் தானாக ஓடட்டும். டோக்கனை லாகில் எழுதும் வரி ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

சீக்ரெட்டை மாற்றிய பிறகு எனக்கு அனுப்பினீர்களே அந்த டோக்கன், அதையே உங்கள் சர்வரில் போட்டுப் பாருங்கள். 401 வந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், இந்த முறை டோக்கனை ஒட்டாமல்.